சபைத் தூம்பா

எங்க எஸ்டேட்டுல ஒரு சபை உண்டு. வேதக்கார ஆம்பளைங்களோட சபை. அதுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். சபையில இருக்கற குடும்பத்துல யாராவது செத்துட்டா, கூலிக்கு ஆள் வைக்காம, வண்டியில ஏத்தாம, தோள்ல தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணணும். குழி வெட்டறதும் அவங்கதான், மண்ணு தள்ளறதும் அவங்கதான். அன்னிக்கு மட்டும் மார்புக்குக் குறுக்கால நீலப் பட்டி ஒண்ணு போட்டுக்குவாங்க. பொணம் தூக்க ஒரு சங்கமான்னு குன்னூர் பஸ்ஸுல ஒருத்தி என்கிட்டயே கேட்டுச் சிரிச்சிருக்கா. சிரிச்சுட்டுப் போறா, விடுங்க. அது எதுல ஆரம்பிச்சதுன்னு அவளுக்கு என்ன தெரியும்?

அது எங்க அம்மா சாவுல ஆரம்பிச்சது.

சிலோன் தோட்டத்துல இருந்து எங்களையெல்லாம் கப்பலேத்தி அனுப்பி, மண்டபம் கேம்புல கொஞ்ச நாள் போட்டு வெச்சு, அப்புறம் இந்த மலைக்குக் கொண்டாந்தாங்க. அப்ப நான் சின்னப் புள்ள. லயம்னு சொல்ற வரிசை வீட்டுக்குக் கூரை கூட ஒழுங்கா போட்டு முடிக்கல. முதல் மழைக்காலத்துலயே அம்மா படுத்துட்டாங்க. குளிரு நெஞ்சுல இறங்கிருச்சுன்னு சொன்னாங்க. எழுந்திரிக்கவே இல்ல.

டவுன்ல ஒரு மாதா கோயில் இருந்துச்சு. அந்தக் கோயில்ல தூம்பா வெச்சிருந்தாங்க. சவத்தை வெச்சு நாலு பேரு தோள்ல தூக்கற மரக்கட்டிலுக்கு நாங்க தூம்பான்னு சொல்லுவோம். எங்கப்பா ரெண்டு மூணு பேரைக் கூட்டிக்கிட்டு அதை இரவல் கேக்கப் போனாரு. அங்கேயும் ஒரு சபை. அதோட தலைவரு நாற்காலியில உக்காந்தபடியே கேட்டாராம்: "நீங்கள்லாம் யாரு ஆளுங்க?"

"வேதக்காரங்கதாங்க. ஞானஸ்நானம் வாங்குனவங்கதான்."

"அது சரிப்பா. யாரு ஆளு?"

சிலோன்ல இருந்தவரைக்கும் எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்து இறங்குனதும் சிலோன்காரன்னாங்க. யாரு ஆளுன்னு கேட்டா அப்பா எதைச் சொல்லுவாரு? திரும்பி வந்துட்டாரு.

கற்பூர மரத்துல ஒரு கம்பு வெட்டி, அம்மாவைப் படங்குல சுத்திக் கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. படங்குன்னா கொழுந்து பறிக்கறப்போ பொம்பளைங்க இடுப்புல கட்டற சாக்கு. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. எங்கண்ணன் பின்னாடியே நடந்து போயிருக்கான். சாக்குல இருந்து அம்மாவோட ஒரு காலு வெளிய வெளிய நழுவி வந்துச்சாம். இவன் ஓடி ஓடிப் போய் அதை உள்ள தள்ளி விட்டானாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. அவன் சொல்லித்தான் தெரியும். அதையும் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

புதைச்சுட்டு அந்தச் சேத்துலயே நின்னு எங்கப்பாவும் மத்தவங்களும் சத்தியம் பண்ணாங்க, இனிமே நம்ம ஆளுங்க யாரும் இப்படிப் போகக் கூடாதுன்னு. சில்வர் ஓக் மரத்துல சொந்தமா தூம்பா செஞ்சாங்க. அதோட ஒரு வழக்கத்தையும் உண்டாக்குனாங்க. தூம்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி சபைத் தலைவர் தலைமாட்டுல நின்னு சத்தமா கேக்கணும்: "இது யாரு ஆளு?" தோள் கொடுக்கப் போறவங்க எல்லாரும் சொல்லணும்: "நம்ம ஆளு." மூணு தரம் கேட்டு மூணு தரம் சொன்னாத்தான் தூக்குவாங்க. கேக்கறப்போ உடம்பு சிலுத்துரும். செத்தவங்களைப் பத்தி என்ன மனத்தாங்கல் இருந்தாலும் அந்த வார்த்தையில கரைஞ்சு போயிடும். எங்கப்பா போனப்போ அந்தச் சத்தம் எதிர் மலையில இருந்து திரும்பி வந்துச்சு. நான் அன்னிக்கு அழுகைய விட்டுட்டு அதைத்தான் கேட்டுட்டிருந்தேன்.

அப்பாவுக்கப்புறம் கொஞ்ச காலம் வேறொருத்தர் இருந்து, இப்ப எங்கண்ணன்தான் தலைவர். பேக்டரியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். நல்லவன்தான். ஆனா சட்டம்னா சட்டம். சபை விஷயத்துல ஒரு எழுத்து மாறக் கூடாதும்பான். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு மைக்கைப் பிடிச்சு சபை பிறந்த கதையச் சொல்லுவான். "யாரு ஆளுங்க?"ன்னு கேட்ட இடம் வந்தா குரலை உசத்துவான். அந்தக் கால் விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டான்.

இப்ப சபையில இருக்கறதெல்லாம் கெழடுங்க. பசங்க எல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போயிட்டாங்க. போகாம என்ன பண்ணுவாங்க? அவங்க விட்டுட்டுப் போன லயத்துல ஜார்க்கண்டுல இருந்து ஆளுங்க வந்து நிறைஞ்சிருக்காங்க. ஒரு காண்டிராக்டர் லாரியில கொண்டாந்து இறக்குவான், அவன் நெனச்சா ஏத்திக்கிட்டுப் போவான். அதுல பாதிப்பேரு வேதக்காரங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்குக் குளிச்சு, எண்ணெய் வெச்சுப் படிய வாரிக்கிட்டு, கடைசி பெஞ்சுல நெருக்கி உக்காருவாங்க. நம்ம ஆளுங்க அவங்க பெஞ்சுல போய் உக்கார மாட்டாங்க. இவனுங்க வந்துதான் கூலி கெட்டுப் போச்சும்பாங்க. நான் கேப்பேன், நீ உம் மகனைக் கொழுந்து பறிக்க அனுப்புவியா? அனுப்ப மாட்ட. அப்புறம் என்னத்துக்கு அவனைக் கரிச்சுக் கொட்டற?

நான் புள்ளக் காம்பராவுல ஆயா. வேலைக்குப் போறவங்க புள்ளைங்களைப் பார்த்துக்கற எடம் அது. அங்கதான் அந்தப் பொண்ணு எனக்குப் பழக்கம். மூத்தது ஒண்ணைக் கொண்டாந்து விடும், வயித்துல ஒண்ணு. என்னை தீதின்னு கூப்பிடும். அவங்க பாஷையில அக்கா. தமிழைப் பிச்சுப் பிச்சுப் பேசும், ஆனா கேக்கறதையெல்லாம் மனசுல வாங்கிக்கும். ஒரு தடவை எங்க ஆளு ஒருத்தரோட அடக்கத்துக்குப் புருசனும் பொஞ்சாதியுமா வந்து ஓரமா நின்னாங்க. மறுநாள் என்கிட்ட, "தீதி, என்ன கேட்டாங்க, எல்லாரும் என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். "ரொம்ப நல்லது தீதி"ன்னுச்சு.

போன மழையில அது புருசனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்தான், திரும்பவும் வேலைக்குப் போனான். லீவு போட்டா காண்டிராக்டர் சும்மா இருப்பானா? ஒரு நாள் விடிகாலையில மூச்சு நின்னு போச்சு. சின்னப் பையன். மீசை கூட அடர்த்தியா வரல.

நான் போய்ப் பார்த்தப்போ அந்தப் பொண்ணு சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. அழல. என்னைப் பார்த்ததும், "தீதி, ஊருக்குக் கொண்டு போக முடியாது. இங்கேயே வைக்கணும். உங்க ஆளுங்க தூக்குவாங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கல. "தூக்குவாங்க. நான் சொல்றேன்ல"ன்னேன். சொல்லி வாய் மூடல, அதுக்கு இடுப்பு வலி வந்துருச்சு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டோம். வண்டியில ஏத்தறப்போ என் கையை விடவே மாட்டேன்னுச்சு. "நீ போ தாயி. ராஜா மாதிரி தோள்ல கொண்டு போய் வெப்போம். என்னை நம்பு"ன்னு சொல்லி விரலைப் பிரிச்சு விட்டேன். மூத்ததும் அது கூடவே போயிருச்சு.

பங்குச் சாமியாருக்குப் போன் பண்ணேன். நம்ம கல்லறைத் தோட்டத்துலயே வைங்க, மதியத்துக்கு மேல வந்து மந்திரிக்கிறேன்னாரு. அந்தப் பையன் கூட வேலை பார்த்த பசங்க ஓடிப் போய்க் குழி வெட்டிட்டு, திட்டு வாங்கக் கூடாதேன்னு வேலைக்குப் போயிட்டாங்க. இனி தூம்பா மட்டும்தான் பாக்கின்னு நெனச்சு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சபை ஆளுங்களும் அங்கதான் உக்காந்திருந்தாங்க.

"அண்ணே, தூம்பாவை எடுங்க"ன்னேன்.

"அவன் சபையில இல்லியே"ன்னான் அண்ணன்.

"இல்லாட்டி என்ன? வேதக்காரன்தான். ஒரு ஞாயிறு பூசை விட்டிருப்பானா? நீயே பார்த்திருக்க."

"பார்த்தேன், இல்லேன்னு சொல்லல. ஆனா தலைமாட்டுல நின்னு நான் யாரு ஆளுன்னு கேக்கணும். இவங்க நம்ம ஆளுன்னு சொல்லணும். பொணத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

பக்கத்துல இருந்த ஒரு கெழவன், "நாளைக்கு எல்லாத்துக்கும் நம்மளைத்தான் கூப்பிடுவானுங்க"ன்னான். இன்னொருத்தன், "வேணும்னா எஸ்டேட் டிராக்டரைக் கேட்டுப் பாப்போம், கொழுந்து ஏத்தற வண்டிதானே, சும்மாதான் நிக்கும்"ன்னான். எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "கொழுந்து மூட்டையாடா அவன்?"னு கத்துனேன். அண்ணன் அதட்டுனான். நான் அடங்கல. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் கொடுக்காம வெயில் ஏறி இறங்கற வரைக்கும் பேச்சு போச்சு. கெஞ்சுனேன், திட்டுனேன், காப்பி கொண்டாந்த அண்ணி கையப் பிடிச்சு நீயாவது சொல்லுன்னு அழுதேன். அண்ணன் கல்லு மாதிரி உக்காந்திருந்தான். சபையே அந்த ஒரு வார்த்தையில நிக்குது, அதை இஷ்டத்துக்குச் சொன்னா அப்புறம் அதுக்கு என்ன மதிப்புன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

கடைசியில எழுந்து நின்னு சொன்னேன்: "அன்னிக்கு அப்பாகிட்ட யாரு ஆளுங்கன்னு கேட்டானே ஒருத்தன், அவன் செத்துப் போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன். சாகல. இந்தா, எம் முன்னாடி நாற்காலியில உக்காந்திருக்கான்."

அண்ணன் மூஞ்சியில ரத்தமே இல்ல. அப்புறம் எழுந்து உள்ள போய், நீலப் பட்டியப் போட்டுக்கிட்டு வந்து, "எடுங்கடா தூம்பாவை"ன்னான்.

மேட்டு லயத்துக்கு ஏறணும். வழியெல்லாம் பாசி. கெழட்டுக் கால்ங்க வழுக்கி வழுக்கி, மூச்சு வாங்க ஏறுனாங்க. நான் முன்னாடி ஓடுனேன். அந்த வீட்டுக் கதவு தெறந்து கெடந்துச்சு. உள்ள யாருமில்ல. தரையைக் கழுவி விட்டிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரி சொன்னா: காண்டிராக்டர் வேன் கொண்டு வந்தானாம். எஸ்டேட்டுல சீக்கிரம் எடுக்கச் சொல்றாங்கன்னு சொல்லி, இவங்க சார்பா யாராவது எடுக்கறீங்களா, எடுக்கறீங்களான்னு லயம் பூராவும் கேட்டானாம். ஒருத்தரும் வாயைத் தெறக்கல. அவன் தன் டிரைவர்களை வெச்சுத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடிதான்னா.

காண்டிராக்டருக்குப் போன் போட்டேன். எடுக்கல. மறுநாள் எடுத்து, மலைக்குக் கீழ எரிச்சாச்சு, சாம்பலை அங்கேயே விட்டாச்சுன்னான். எங்கேன்னு கேட்டதுக்கு, உனக்கெதுக்குன்னு கேட்டு வெச்சுட்டான்.

அன்னிக்கு அந்த வாசல்ல வெறும் தூம்பாவைத் தோள்ல வெச்சுக்கிட்டு நிக்கறாங்க எல்லாரும். வெளிய எடுத்த தூம்பா கல்லறையைப் பார்க்காம திரும்பக் கூடாது, திரும்புனா இன்னொரு சாவை இழுத்துட்டு வரும்னு எங்ககிட்ட ஒரு நம்பிக்கை. அதனால வெறும் கட்டிலைத் தூக்கிக்கிட்டு வரிசையா கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாங்க. சாமியார் தீர்த்தத்தோட காத்திட்டிருந்தாரு. தூம்பாவைப் பார்த்தாரு, எங்களைப் பார்த்தாரு. நான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. அடுத்த மாத்தல்ல அவரும் வேற ஊருக்குப் போயிட்டாரு.

குழி அப்படியே இருந்துச்சு. அந்தப் பசங்க ரொம்ப நேர்த்தியா வெட்டியிருந்தாங்க. வெட்டுன குழியைத் தெறந்து போட்டுட்டுப் போறதும் எங்க வழக்கத்துல கெடையாது. அதனால மண்ணைத் தள்ளி மூடுனாங்க. ஆளில்லாத குழிக்கு மேடு கட்டி, மம்மட்டியால தட்டி விட்டாங்க. பழக்க தோஷம், கை அதுபாட்டுக்குச் செய்யுது. நான் பார்த்துட்டே நின்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். அந்தப் பொண்ணைக் கோயமுத்தூருக்கு அனுப்பிட்டோம்னாங்க. அங்க போய்த் தேடறதுக்குள்ள அதோட அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். போன் ஆப். குழி வெட்டுன பசங்களையும் காண்டிராக்டர் அதே வாரத்துல கேரளாப் பக்கம் ஏத்திட்டுப் போயிட்டான். போறதுக்கு முன்னாடி அவங்க கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அந்த மேட்டைப் பார்த்து முட்டி போட்டுட்டுப் போனாங்களாம். வேன் வந்ததை யாரும் அவங்ககிட்ட சொல்லல போல, இதெல்லாம் எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது.

அண்ணன் வீட்டுப் படியை நான் மிதிக்கல. அண்ணி தூது விட்டும் போகல. ரொம்ப நாள் கழிச்சு அவனே ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு என் வீட்டுக்கு வந்தான், கையில ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோட. உக்காருன்னு நான் சொல்லல. அவனா உக்காந்தான். அப்பத்தான் போன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"தீதி!"

ஸ்பீக்கர்ல போட்டேன். பொம்பளைப் புள்ள பொறந்திருக்காம், நல்லா இருக்காம். பசங்க எல்லாத்தையும் சொன்னாங்களாம், மேடு பெருசா நல்லா கட்டியிருக்குன்னு. "எனக்கு இப்ப தூக்கம் வருது தீதி"ன்னுச்சு. அப்புறம், "அவங்க கேட்டாங்களா தீதி? யாரு ஆளுன்னு கேட்டாங்களா?"

நான் போனை அண்ணன்கிட்ட நீட்டுனேன். "சபைத் தலைவரே இங்கதான் இருக்காரு. அவரே சொல்லுவாரு"ன்னேன். வேணும்னேதான் செஞ்சேன். அவன் வாயாலயே உண்மை வரட்டும், அந்தக் கேவலத்தை அவனே அனுபவிக்கட்டும்னு நெனச்சேன்.

அண்ணன் போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னான்: "கேட்டேன்மா. மூணு தரம் கேட்டேன். எல்லாரும் நம்ம ஆளுன்னு சொன்னாங்க. தோள்லதான் கொண்டு போனோம்."

அந்தப் பக்கம் அழற சத்தம் கேட்டுச்சு. கல்லறைத் திருநாளுக்கு வரேன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு.

"பொணத்துக்கு முன்னாடி பொய் சொல்ல மாட்டேன்னியே?"ன்னேன்.

"அதான் பொணமே இல்லியே"ன்னான் அண்ணன். சொன்னவன் துண்டை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டான். அவன் அழுது நான் பார்த்ததில்ல. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, போட்டு நாலு அறை அறையலாம்னும் இருந்துச்சு.

அந்த வாரமே அவன் சில்வர் ஓக் மரத்துல சிலுவை செஞ்சு, பேரு எழுதி, மேட்டுல நட்டுட்டு வந்தான். லயத்துல யாரும் ஏன்னு கேக்கல. எல்லாருக்கும் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தா, அந்த மேட்டுலதான் பூ அதிகம். டிராக்டரைக் கேப்போம்னு சொன்னவன் ஒரு கட்டு மெழுகுவத்தி வெச்சிருந்தான்.

சொன்ன மாதிரியே வந்துச்சு, கைக்குழந்தையோட. அந்த வருசம் அண்ணன் தொண்டை சரியில்லன்னு சொல்லி மைக்கைப் பிடிக்கல. சபை பிறந்த கதையை யாரும் சொல்லல. அந்தப் பொண்ணு மேட்டுப் பக்கத்துல உக்காந்து, குழந்தைக் கையைப் பிடிச்சு மண்ணுல வெச்சு, அவங்க பாஷையில என்னமோ சொல்லுச்சு. பாபான்னு ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிஞ்சுது, அப்பான்னு அர்த்தம். நான் வாயைத் தெறந்தேன். சொல்லிடலாம்னுதான் தெறந்தேன். அது நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. நான் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கிட்டேன்.

பொறப்படறப்போ அண்ணன்கிட்ட போய், பையில இருந்து சுத்தமான வெள்ளைத் துணி ஒண்ணை எடுத்து நீட்டுச்சு. ஊர்ல இருக்கற மாமியாரு நடக்க முடியாதவங்களாம். மகனை வெச்ச எடத்து மண்ணு ஒரு பிடி கேட்டு அனுப்பியிருக்காங்களாம், அவங்க சாகறப்போ கூட வெச்சுப் பொதைக்கறதுக்கு. "உங்க கையால கொடுங்க"ன்னுச்சு.

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்புறம் முட்டி போட்டு உக்காந்து, மேல் மண்ணை விலக்கி, ஒவ்வொரு கல்லாப் பொறுக்கி எறிஞ்சுட்டு, நல்ல மண்ணாப் பார்த்து அள்ளி அள்ளி அந்தத் துணியில வெச்சான்.